ஒரு படி குறைவு

கடையில் பேட்டரி வாங்குகிறவர்களில் பாதிப் பேர் அதன் மேல் எழுதியிருக்கும் வோல்டேஜைப் படிப்பதில்லை. மீதிப் பாதிப் பேர் படித்தும் புரிந்துகொள்வதில்லை. உங்கள் மேஜைக் கடிகாரத்தையே பாருங்கள். நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து அதன் விநாடி முள் ஒவ்வொரு தாவலுக்கும் மூச்சு வாங்குகிறது. பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள். இதை எழுத வேண்டாம், வாக்குமூலத்தில் சேராது.

நேற்று ஸ்டேஷனுக்கு வந்தபோது எனக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். "பெரியவரே, மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க. தெரியாம நடந்தது. வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினீர்கள். நல்ல மனிதர் நீங்கள். அதனால்தான் இப்படி ஒரு தப்பான முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவன் கிழவன் என்றால் அவன் கையால் எதுவும் துல்லியமாக நடக்காது என்று உங்களுக்கு ஒரு நினைப்பு. அதைத் திருத்தத்தான் மறுபடி வந்திருக்கிறேன். டீ வேண்டாம். நேற்றைய டீயில் சர்க்கரை கூடுதல்.

உங்கள் முன்னால் இருக்கிற கறுப்புப் பெட்டி, என் தங்கை கொண்டுவந்து கொடுத்தது, லைட் மீட்டர். படம் எடுப்பதற்கு முன் வெளிச்சத்தை அளக்கிற கருவி. சுவரைப் பார்த்துக் காட்டினால் ஊசி நகரும். ஊசி சொல்வதைப் பார்த்துக் கேமராவின் துளையையும் வேகத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு குழந்தைகூடச் செய்யலாம். புகைப்படக்காரர்கள்தான் அதை ஏதோ தவம் மாதிரி செய்வார்கள்.

நான் மின்மீட்டர் தொழிற்சாலையில் சரிபார்ப்புப் பிரிவில் இருந்தவன். வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்குமே, கரண்ட் எவ்வளவு ஓடியது என்று எண்ணிக்கொண்டு, அந்த மீட்டர்கள். அவை ஒழுங்காக எண்ணுகின்றனவா என்று பார்த்து ஈய முத்திரை வைப்பது என் வேலை. நான் முத்திரை வைக்காத மீட்டர் இந்த ஊரில் ஓடியதில்லை. ஓடியிருந்தால் அது மீட்டர் இல்லை, சுவரில் மாட்டிய பொம்மை. என் மேலதிகாரிகள் ஒருவர் பின் ஒருவராக வந்து போனார்கள். தசமப் புள்ளிக்கு வலப்பக்கம் ஒரு உலகம் இருப்பது அவர்களில் ஒருத்தருக்கும் தெரியாது. "ஏறக்குறைய சரியா இருக்குல்ல, விடுங்க சார்" என்பார்கள். ஏறக்குறைய. தமிழில் எனக்குப் பிடிக்காத ஒரே வார்த்தை அது. ஏறுகிறதா, குறைகிறதா என்று சொல்லத் துப்பில்லாத எவனோ இரண்டையும் ஒட்டிச் செய்திருக்கிறான்.

என் தங்கை கணவன் புகைப்படக்காரன். நேரில் "வாங்க மாப்ளே, போங்க மாப்ளே" என்றுதான் பேசுவேன். உங்களிடம் அந்த ஜோடனை எதற்கு, அவன் என்றே சொல்கிறேன். பல வருடம் ஸ்டுடியோ வைத்து ஊரிலுள்ள எல்லா மூஞ்சிகளையும் எடுத்து முடித்தான். வயதான பிறகு மூஞ்சிகள் சலித்துப்போய் மாடிப்படிகளை எடுக்க ஆரம்பித்தான். பழைய கட்டடங்களின் மரப்படி, கல்படி, சுழல்படி. அதில் ஒரு புத்தகம் கொண்டுவருவது அவன் கனவு. படிக்கட்டைப் புத்தகத்தில் பார்ப்பதற்கு ஆள் இருக்கிறார்களா என்று கேட்டேன். "ஏறாமலே மூச்சு வாங்கும் மச்சான், பாருங்க" என்றான். எல்லாவற்றுக்கும் ஒரு பதில் வைத்திருப்பான்.

ஸ்லைடு ஃபிலிமில்தான் எடுப்பான். சாதாரண ஃபிலிமில் வெளிச்சக் கணக்கு கொஞ்சம் பிசகினால் பிரிண்ட் போடும்போது சரிக்கட்டிவிடலாம். ஸ்லைடில் அது நடக்காது. கூடினால் வெளுத்துவிடும், குறைந்தால் இருண்டுவிடும். எனக்கு மிகவும் பிடித்த பொருள் அது. என் குணம்.

வெளிச்சத்தின் அளவைப் புகைப்படக்காரர்கள் ஸ்டாப் என்பார்கள். ஒரு ஸ்டாப் ஏறினால் வெளிச்சம் இரண்டு மடங்கு, இறங்கினால் பாதி. மாப்பிள்ளை மட்டும் ஸ்டாப் என்று சொல்லமாட்டான். "ஸ்டாப்னா ஏதோ பஸ் ஸ்டாப்ல நிக்கிற மாதிரி இருக்கு மச்சான். நான் படின்னுதான் சொல்லுவேன். வெளிச்சத்துக்கும் மாடிப்படி இருக்கு. ஒரு படி ஏத்தலாம், ஒரு படி இறக்கலாம்." இந்தப் படி என்கிற வார்த்தையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அது அவனுடையது. எனக்குப் பின்னால் தேவைப்பட்டது.

நான் ஓய்வுபெற்ற அன்று தொழிற்சாலையில் ஒரு கூட்டம் வைத்தார்கள். குடும்பத்தின் சார்பில் யாராவது பேசுங்கள் என்றதும் மாப்பிள்ளை எழுந்து போய் மைக்கைப் பிடித்தான்.

"எங்க மச்சானைப் பத்தி ரெண்டே வரி. பகல் பூரா ஃபேக்டரியில அளப்பாரு. சாயங்காலம் ஆச்சுன்னா வீட்டுக்கு வந்து அளப்பாரு."

கூரை பெயர்ந்து விழாததுதான் பாக்கி. நாற்காலிகள் சிரித்தன. தண்ணீர் கொண்டுவந்தவர் சிரித்த சிரிப்பில் தட்டிலிருந்த டம்ளர்கள் ஒன்றுவிடாமல் உடைந்தன. என் மேலதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அளந்து விடறதுல நம்ம சார் எக்ஸ்பர்ட்தான்" என்று தன் பங்குக்கும் ஒன்று போட்டார். அன்றையிலிருந்து சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு நான் அளப்பு மாமா. வாழ்நாள் முழுக்க ஒரு மில்லிவோல்ட் பிசகாமல் அளந்தவனுக்கு, வாய்க்கு வந்ததை அளந்து விடுகிறவன் என்று பெயர்.

எனக்கு அதில் கோபம் கிடையாது. நானும் சிரித்தேன். அவன் அன்று என்ன சட்டை போட்டிருந்தான், மைக்கை எந்தக் கையில் பிடித்திருந்தான் என்பதுகூட எனக்கு நினைவில்லை. நீலக் கட்டம் போட்ட சட்டை. இடது கை.

அதன் பிறகு ஒருநாள் இந்த மீட்டரைக் கொண்டுவந்தான். தங்கை வீட்டுக்கு அடுத்த தெருதான் என் வீடு. மனைவி போன பிறகு சாப்பாடு தங்கை வீட்டில், படுக்கை என் வீட்டில். அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே மீட்டரைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

"மச்சான், இதுக்குப் பாதரச பேட்டரிதான் போடணும். இப்போ அது எங்கயும் கெடைக்கல. செய்யறதையே நிறுத்திட்டாங்களாம். சாதா பேட்டரியில ஓடற மாதிரி பண்ணித் தர முடியுமா?"

"சாதா பேட்டரியைப் போட்டுப் பாத்தீங்களா?"

"போட்டேன். ஓடுது. ஆனா எல்லாத்தையும் கூட்டிக் கூட்டிச் சொல்லுது."

"எவ்ளோ கூட்டி?"

"உங்க அளவுக்கு இல்ல, கொஞ்சம் கம்மி."

சமையலறையில் தங்கை சிரித்த சத்தம் கேட்டது. "ஏங்க, சாப்பிடற நேரத்துல அண்ணனை விடுங்களேன்" என்றாள், சிரிப்பு அடங்காமலே.

கருவி ஏன் கூட்டிச் சொன்னது என்று உங்களுக்கு விளக்கிவிடுகிறேன். பாதரச பேட்டரி ஒன்று புள்ளி மூன்று ஐந்து வோல்ட். தீர்கிற கடைசி நாள் வரை அதே அழுத்தத்தில் நிற்கும். சாதா பேட்டரி ஒன்றரை வோல்ட். புதிதில் துள்ளும், போகப் போகச் சோம்பும். கருவிக்கோ கூடுதல் வோல்டேஜ் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. வெளிச்சம்தான் கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டு ஊசியைத் தூக்கிக் காட்டும். மனிதர்களும் அப்படித்தான்; உள்ளே ஏறுகிறதை வெளியே ஏறுவதாக நினைத்துக்கொள்வார்கள். புகைப்படக்காரன் ஊசியை நம்பித் துளையைச் சுருக்குவான். படம் இருண்டுவிடும்.

நான் ஒரு சின்ன டையோடு வைத்தேன். அது கூடுதலாக வருகிற வோல்டேஜை விழுங்கிவிடும். புது பேட்டரி அளவில் சிறியது. பழைய குழிக்குள் ஆடாமல் உட்கார ஒரு பித்தளை வளையம் கடைந்தேன். மிச்சமிருக்கும் சில்லறைப் பிசகைச் சரிசெய்ய, திருகினால் கூடவும் குறையவும் செய்கிற பொடி மின்தடை ஒன்றை, கடைகளில் பிரீசெட் என்று கேட்டால் கொடுப்பார்களே, பேட்டரி மூடிக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அதன் தலை கடுகைவிடச் சிறிது. என்னிடம் இருந்த, வெளிச்சம் இவ்வளவு என்று உறுதியான அளவு விளக்கின் முன் வைத்து ஊசியைச் சரியான இடத்தில் நிறுத்தினேன். அந்தக் கருவி தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில்கூட அவ்வளவு சரியாக இருந்திருக்காது. இதையும் எழுதுங்கள். முதல் தடவை நான் செய்த வேலையில் பிழை இல்லை.

கொண்டுபோய்க் கொடுத்தேன். மாப்பிள்ளை வாசலில் நின்று எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தான். கண்ணை ஒரு தரம் சுருக்கினான். "நூத்தி இருபத்தஞ்சு, எட்டு" என்றான். வேகமும் துளையும். பிறகுதான் மீட்டரை எடுத்துச் சுவரைப் பார்த்துக் காட்டினான். ஊசி அதையேதான் சொன்னது.

"மச்சான், நீங்க பாஸ்."

அவன் செய்ததைப் புரிந்துகொண்டீர்களா? என் மீட்டரைத் தன் கண்ணால் சரிபார்த்தான். எதை வைத்து எதைச் சரிபார்ப்பது என்று உலகத்தில் ஒரு முறை இருக்கிறது. மீட்டரை அளவு விளக்கால் சரிபார்க்கலாம். அளவு விளக்கை அதைவிடப் பெரிய அளவு விளக்கால் சரிபார்க்கலாம். காலையில் பீளை கட்டுகிற, வெங்காயம் நறுக்கினால் அழுகிற ஒரு உறுப்பால் எதையும் சரிபார்க்க முடியாது. நான் அமைதியாகத்தான் கேட்டேன்.

"மாப்ளே, ஒருநாள் உங்க கண்ணு ஒண்ணு சொல்லி, மீட்டர் வேற ஒண்ணு சொன்னா எதை நம்புவீங்க?"

"கண்ணைத்தான் மச்சான். அதுக்குப் பேட்டரியே வேணாமே."

அந்தப் பதில் தவறு. தவறான பதிலைத் திருத்தாமல் விடுவது என் வழக்கம் இல்லை. நடந்தது எல்லாம் அவ்வளவுதான்.

மூடியைத் திறந்தால் உள்ளே மெல்லிய கம்பி அறுந்துவிடும், பேட்டரி மாற்ற வேண்டுமானால் என்னிடம் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவைத்திருந்தேன். உண்மையும்கூட. முதல் தடவை கொண்டுவந்தபோது பேட்டரியை மாற்றிவிட்டு, பிரீசெட்டை, ஊசி கூட்டிக் காட்டுகிற பக்கமாக, முடியளவு திருப்பினேன். ஒரு படியில் மூன்றில் ஒரு பங்கு. அடுத்த தடவை இன்னொரு முடியளவு. மூன்றாவது தடவையோடு முழுசாக ஒரு படி. அவசரப்பட்டு ஒரே தடவையில் திருப்பியிருந்தால் கருவி கெட்டுவிட்டது என்று குப்பையில் போட்டிருப்பான். கருவி கெடக்கூடாது. கெட வேண்டியது வேறு.

முதலில் ஃபிலிமைத் திட்டினான். பிறகு ஃபிலிம் கழுவுகிற லேபைத் திட்டினான், லேபை மாற்றினான், புது லேபையும் திட்டினான். கேமராவைக் கொண்டுவந்து, "ஷட்டர் வேகமா மூடுதோ என்னவோ, பாருங்க மச்சான்" என்றான். பார்த்தேன். ஷட்டர் சரியாக இருந்தது. சரியாக இருக்கிறது என்றே சொன்னேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை.

ஒருநாள் மாலை ஸ்லைடுகளை விளக்குப் பெட்டி மேல் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டான். முகம் வாடியிருந்தது.

"இதைப் பாருங்க. இருட்டா இல்ல?"

உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தேன். ஒரு பழைய மரப்படி. கைப்பிடியின் செதுக்கல் முழுக்க மைக்கூட்டில் முங்கியதுபோல் கிடந்தது.

"இல்லையே மாப்ளே. நல்லா பளிச்சுன்னு இருக்கே. கைப்பிடியில அடிச்ச ஆணித் தலைகூடத் தெரியுதே."

"ஆணியா? எங்க?"

"அதோ, மூணாவது கம்பத்துக்குப் பக்கத்துல."

குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். ஆணி எதுவும் கிடையாது. அந்த ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் அளந்தேன். அளப்பு மாமா என்று பெயர் வைத்தவர்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

தங்கையைக் கூப்பிட்டான். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள்.

"இருட்டாத்தான் இருக்கு. எனக்கும் ஒண்ணும் தெரியலையே."

அவன் நிமிர்ந்து அவள் தோளில் தட்டினான். "எனக்கு ஆறுதலுக்காகச் சொல்லாத. அளக்கறவருக்கே ஆணி தெரியுது."

என் தங்கை சொன்னது உண்மை. அது அன்பு என்று தள்ளுபடியானது. நான் சொன்னது பொய். அது அளவு என்று பாஸ் ஆனது. எனக்கு அன்று இரண்டு வாய்ச் சோறு கூடுதலாக இறங்கியது.

இந்தக் கணக்கின் அழகை நீங்கள் பார்க்க வேண்டும். சுவரைக் கண்ணால் பார்க்கிறான்: ஒரு வெளிச்சம் தெரிகிறது. மீட்டர் அதைவிட ஒரு படி அதிகம் என்கிறது. மீட்டரை நம்பி எடுத்த ஸ்லைடைப் பார்க்கிறான்: இருட்டாகத் தெரிகிறது. இன்னொருத்தர் பளிச்சென்று இருக்கிறது என்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற எந்த மூளையும் ஒரே முடிவுக்குத்தான் வரும்: உலகம் சரியாக இருக்கிறது. என் கண்ணுக்கு அது ஒரு படி குறைவாக வந்து சேர்கிறது. எந்த இடத்திலும் ஓட்டை கிடையாது. அவன் சந்தேகம் தீர என்னுடைய சொந்த மீட்டரையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டு ஊசியும் ஒரே இடத்தில் நின்றன. என் மீட்டரையும் முந்தின நாளே திருப்பிவைத்திருந்தேன். அதற்குத்தான் கொஞ்சம் மனசு கஷ்டப்பட்டது. அது நல்ல கருவி.

கண் டாக்டரிடம் போனான். ஒன்றும் இல்லை, வயசுக்கு நல்ல பார்வை என்று அனுப்பிவிட்டார்கள். முகம் மலர்ந்து வந்தான்.

"டாக்டர் என்ன வெச்சுப் பாத்தாரு?" என்று கேட்டேன்.

"எழுத்தெல்லாம் படிக்கச் சொன்னாரு. கடைசி வரி வரைக்கும் படிச்சேன்."

"எழுத்து தெரியுதான்னு பாத்திருக்காரு. வெளிச்சம் எவ்ளோ உள்ள போகுதுன்னு அளந்தாரா? அதுக்கு அவர்கிட்ட மீட்டர் இருக்கா?"

மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தவன். அந்த நிமிஷத்தை நான் சட்டம் போட்டு மாட்டலாம்.

அதற்குப் பிறகு அவன் படம் எடுப்பதைக் கிட்டத்தட்ட விட்டுவிட்டான். பதிப்பகத்துக்காரர் ஸ்லைடுகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். "குருடன் எடுத்த படம்னு சிரிப்பாங்க மச்சான்" என்றான். யாரும் சிரிப்பதை அவனால் தாங்க முடியாது, பாருங்கள். பலவீனமான ஆள்.

பிறகு அவன் ஒரு காரியம் ஆரம்பித்தான். அது என் யோசனை இல்லை. அந்தப் பெருமை அவனையே சேரட்டும். பார்வை முழுசாகப் போகிற நாளுக்கு இப்போதே தயாராக வேண்டுமாம். பட்டப்பகலில், நல்ல வெளிச்சத்தில், கண்ணை இறுக மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடக்கப் பழகினான். சுவரைத் தடவிக்கொண்டு சமையலறைக்குப் போவான். செம்பைத் தட்டிவிடுவான். தங்கை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவாள். நான்தான் கூட இருந்து, முழங்கையைப் பிடித்து, "இடது பக்கம் நாற்காலி மாப்ளே, இப்போ வாசப்படி" என்று சொல்லி நடத்தினேன். அந்த மாதங்களில் அவன் என்னை ஒருமுறைகூடக் கிண்டல் செய்யவில்லை. நாங்கள் அவ்வளவு நெருக்கமாக எப்போதும் இருந்ததில்லை. என் ஓய்வுக்காலத்திலேயே நன்றாகப் போன மாதங்கள் அவை.

நீங்கள் போய்ப் பார்த்த அந்தக் கட்டடம், மூடிக்கிடக்கிற பழைய தந்தி ஆபீஸ். அதன் கல்படி புத்தகத்துக்கு வேண்டியிருந்த கடைசிப் படம். கண் இருக்கும்போதே எடுத்துவிடுகிறேன் என்றான். பதிப்பகத்துக்காரர் வேறு பொறுமையிழந்து, மறுநாள் தானே வீட்டுக்கு வந்து எல்லா ஸ்லைடையும் பார்த்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். வெளியாள் ஒருவர் பார்த்தால் முதல் ஸ்லைடிலேயே உண்மை தெரிந்திருக்கும். அதற்கும் நான் செய்ததற்கும் சம்பந்தம் இல்லை. கேட்பீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்.

காலை வெயிலில் போனோம். மேலே ஏறும்போது இரண்டு பேரும் பார்த்தோம், படி திரும்புகிற நடு மேடையில் கைப்பிடி பெயர்ந்து போயிருந்தது. "மச்சான், இந்தப் படிக்குப் பல்லு விழுந்துடுச்சு" என்றான். பழைய மாப்பிள்ளை ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தான். உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் படம் எடுத்தான். மீட்டரைக் காட்டி, ஊசியைப் பார்த்து, அதன்படியே துளையை வைத்தான். கண்ணைச் சுருக்கவே இல்லை. அந்தப் பழக்கம் போயிருந்தது.

எடுத்து முடித்ததும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னான்:

"மச்சான், கண்ணை மூடிட்டே இறங்கறேன். வீட்டுப் படி பழகிடுச்சு. தெரியாத படியில பழகணும். நீங்க முன்னாடி போயிட்டு, மேடை வந்தா சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டான். உள்பக்கச் சுவரில் கையை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினான். நான் முன்னால் போய் மேடையில் நின்று, "வாங்க, இன்னும் இருக்கு, வாங்க" என்றேன். பாதியில் நின்றான்.

"அன்னிக்கு உங்க ஃபேக்டரி ஃபங்ஷன்ல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது மச்சான். எல்லாரும் சிரிச்சதும் உங்க முகம் போன போக்கைப் பாத்தேன். அப்பவே சொல்லியிருக்கணும். நாக்கு வரல."

"அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன் மாப்ளே. வாங்க."

"இல்ல, சொல்லணும். இந்தக் கண்ணு போன பிறகுதான் தெரியுது. நீங்க சொல்றது ஏறக்குறைய எப்பவுமே சரியாத்தான் இருக்கும்."

மனதார மன்னிப்புக் கேட்கிறான். அதிலும் ஒரு ஏறக்குறைய. ஏறுகிறதா குறைகிறதா என்று அந்த நேரத்திலும் சொல்லத் தெரியவில்லை.

இன்னும் சில படி இறங்கினான். மேடைக்கு ஒரே ஒரு படி பாக்கி இருந்தது. அப்போது சொன்னேன்:

"மேடை வந்தாச்சு. தாராளமா நடங்க."

சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு, சமதளத்தில் நடக்கிறவன் மாதிரி காலை வீசிப் போட்டான். கால் கீழே போனது. உடம்பு முன்னால் சாய்ந்து மேடை முழுக்கத் தள்ளாடி, பல் விழுந்த இடத்தை நோக்கிப் போனது. நான் ஒதுங்கி நின்றேன். அவன் கண்ணைத் திறந்திருந்தால் போதும். வயசுக்கு நல்ல பார்வை என்று டாக்டரே சொன்ன கண். வெயில் வேறு அந்த மேடை மேல் நேராக விழுந்துகொண்டிருந்தது. நூற்றி இருபத்தைந்து, எட்டு. அவன் திறக்கவில்லை. கண்ணா, மீட்டரா என்று என்றோ ஒருநாள் நான் கேட்ட கேள்விக்கு அப்போதுதான் சரியான பதில் சொன்னான்.

நீங்கள் வந்து பார்த்தீர்கள். பார்வை மங்கிய முதியவர் படியில் தவறி விழுந்து இறந்தார் என்று முடித்தீர்கள். நான் ஆட்சேபிக்கவில்லை. அது உங்கள் தவறு, நான் ஏன் திருத்த வேண்டும்.

பிறகு என் தங்கை செய்த வேலைதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அவன் நினைவாக மீட்டரை ஓடவைத்துப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள். பேட்டரி தீர்ந்திருக்கிறது. என்னைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று தெருமுனையிலிருக்கிற வாட்ச் ரிப்பேர்காரரிடம் கொண்டுபோயிருக்கிறாள். அந்த ஆள் மூடியைத் திறந்து, தன்னிடமிருந்த ஏதோ ஒரு மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்த்து, "யாரும்மா இதை மாத்தினது? அரைகுறையா பண்ணியிருக்காங்களே. ஏறக்குறைய ஒரு ஸ்டாப் தப்பாக் காட்டுது" என்றாராம்.

தங்கை அன்று மாலை என் வீட்டுக்கு வந்தாள். மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அவர் கண்ணு நல்லாத்தான் இருந்திருக்கு. இந்த மீட்டர்தான் தப்பு."

நான் காத்திருந்தேன். சொல்லப்போகிறாள், கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன். நெஞ்சு ஒரு துள்ளல் துள்ளியது. பயம் என்று எழுதிவிடாதீர்கள்.

"நீ வேணும்னா பண்ணுவ? வயசாச்சு, கை நடுங்கியிருக்கும். உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லண்ணே. நீ மனசுல வெச்சுக்காத."

என் கையைத் தடவிக்கொடுத்தாள். நடுங்குகிற கை என்று நினைத்து. மறுநாள் மீட்டரைக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்து, அவர் மேல் தப்பில்லை, அண்ணன் மேலும் தப்பில்லை, மாற்றும்போது கை தவறியிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனாள். சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் அப்படியே சொல்லிக்கொண்டிருக்கிறாள். பாவம் அளப்பு மாமா, கடைசியில் அளக்கவும் வராமல் போய்விட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. பரிதாபப்படுகிறார்கள்.

அதனால்தான் வந்தேன். பாருங்கள், என் கை. மேஜை மேல் நீட்டுகிறேன். ஒரு தண்ணீர் டம்ளரை நிரப்பி இதன் மேல் வையுங்கள். நடுங்கினால் நான் எழுந்து போய்விடுகிறேன்.

நடுங்காது. அந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று தெரிந்து, அவ்வளவு மட்டும் திருப்பிய கை. அந்த மேடைக்கு எத்தனை படி இருக்கிறது என்று ஏறும்போதே எண்ணி வைத்திருந்தேன். கை தவறவில்லை, வாய் தவறவில்லை, கணக்கும் தவறவில்லை. என் தங்கை கணவனை நான் கொன்றேன்.

கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொஞ்சம் பொறுங்கள். இங்கே, வாட்ச் ரிப்பேர்காரர் சொன்னதைத் தமிழில் எழுதியிருக்கிறீர்கள். 'ஏறக்குறைய ஒரு படி' என்று. அந்த 'ஏறக்குறைய'வை மட்டும் அடித்துவிடுங்கள்.